‘விலைத் தளம்பல்’ என்று எழுதலாமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் ஒரு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்துக்காகச் சின்ன வெங்காய விலை பற்றி அறிக்கை எழுதுகிறீர்கள். அலுவலகத்தில் ஒருவர் ‘விலைத் தளம்பல்’ என்று எழுதச் சொல்கிறார். தமிழ்நாட்டில் படித்து வந்த இன்னொருவர் அப்படி ஒரு சொல்லே இல்லை, ‘ஏற்ற இறக்கம்’ என்றுதான் எழுதவேண்டும் என்கிறார். தோட்டத்துக்குப் போய் விசாரித்தால் அங்கே ஒருவர் வாயிலும் இந்த இரண்டும் வரவில்லை. எது சரி என்பது கேள்வியின் முதல் பாதி. கடைசி வரியில், “அறுவடை தொடங்கி முடியும்வரை விலை இறங்கிக்கொண்டே போனால் அதையும் தளம்பல் என்று சொல்லலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது இதைத்தான் என்று நினைக்கிறேன். முதல் பாதி சொல் பற்றியது. இரண்டாம் பாதி கமக்காரர்களுக்கு, அதாவது விவசாயிகளுக்கு, என்ன நடந்தது என்பதைப் பற்றியது. அதைப் பிழையாக எழுதினால் அறிக்கையை வாசிப்பவர் பிழையான தீர்வைத்தான் கொண்டுவருவார்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்குப் பொருளியலும் வணிகப் புள்ளிவிபரமும் நெடுங்காலம் படிப்பித்தவன். மொழியியல் படித்தவன் அல்லன். ஆகவே வகுப்பிலும் அறிக்கைகளிலும் சந்தையிலும் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்பதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். சுருக்கமான பதில் இது: ‘தளம்பல்’ சரியான சொல், எங்கள் பக்கத்தில் நன்றாக வேரூன்றிய சொல். ‘ஏற்ற இறக்கம்’ என்பதும் சரி. ஆனால் ஒரே திசையில் இறங்கிப் போகும் விலைக்கு இரண்டுமே பொருந்தாது.

தளம்பு என்ற வினை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பொருள் தெளிவாகிவிடும். கிணற்றடியில் இருந்து குசினிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிவரும் பிள்ளையைப் பார்த்து, “தளம்பாமல் கொண்டு வா” என்று சொல்வார்கள். கடலில் வள்ளம் தளம்பும். முடிவெடுக்க முடியாமல் நிற்பவரின் மனம் தளம்பும். “நிறைகுடம் தளம்பாது” என்ற பழமொழியை இங்கே எல்லோரும் அறிவார்கள். தமிழ்நாட்டில் அதையே “தளும்பாது” என்பார்கள். அங்கே கண்ணீர் தளும்பும், பாத்திரம் தளும்பும், அதாவது விளிம்புவரை வந்து வழியப் பார்க்கும். எங்கள் தளம்பலில் வழிவதைக் காட்டிலும் ஆட்டம்தான் முன்னுக்கு நிற்கிறது. குடத்துக்குள் தண்ணீர் இந்தப் பக்கம் ஏறும், அந்தப் பக்கம் இறங்கும், திரும்ப வரும். எவ்வளவு ஆடினாலும் குடத்தில் இருக்கும் தண்ணீரின் அளவு மாறாது. குடத்தின் அடியில் ஓட்டை இருந்தால் நடப்பது வேறு. அங்கே தண்ணீர் ஆடவே வேண்டியதில்லை, சத்தமில்லாமல் குறைந்துகொண்டு போகும். அதை ஒருவரும் தளம்பல் என்று சொல்ல மாட்டார்கள். விலைக்கும் இதே அளவுகோலைத்தான் பிடிக்கிறேன். ஒரு மட்டம் இருக்கவேண்டும். அதைச் சுற்றி மேலேயும் கீழேயும் போய்வர வேண்டும். எப்போது போகும், எவ்வளவு போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாமல் இருக்கவேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் தளம்பல்.

பேச்சில் இந்தப் பெயர்ச்சொல் வராததில் வியப்பில்லை. சந்தைக்குப் போகிறவர் “விலை கூடிக் குறையுது” என்பார், “ஏறி இறங்குது” என்பார், கொஞ்சம் சலிப்போடு “விலை ஒரு நிலையில நிக்குதில்லை, ஒண்டும் சொல்லேலாது” என்பார். மூன்றாவது வசனத்தைக் கவனியுங்கள். ஒரு மட்டத்தில் நிற்காததும் முன்கூட்டிச் சொல்ல முடியாததும் இரண்டுமே அதற்குள் வந்துவிட்டன. அறிக்கையில் கமக்காரர் சொன்னதை மேற்கோளாகப் போடும்போது அவர் சொன்ன வடிவத்திலேயே போடுங்கள். அவர் வாயில் ‘தளம்பல்’ என்ற சொல்லைத் திணித்தால் வாசிக்கும்போது அவர் பேசுவதுபோல இராது. உங்கள் விளக்கத்தில் ‘தளம்பல்’ என்று எழுதுங்கள். ஒரு சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: ‘ஏற்றத்தாழ்வு’. மாணவர்கள் விடைத்தாளில் “விலையில் ஏற்றத்தாழ்வு காணப்படுகிறது” என்று அடிக்கடி எழுதுவார்கள். ஏற்றத்தாழ்வு என்றால் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு, இரண்டு ஊருக்கு இடையில் இருக்கும் வித்தியாசம் என்றுதான் இன்று வாசகர் எடுப்பார். வருமான ஏற்றத்தாழ்வு, சாதி ஏற்றத்தாழ்வு என்று சொல்கிறோமே, அது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு விலை, கொழும்பில் வேறொரு விலை என்றால் அந்தச் சொல் ஓரளவு பொருந்தும். ஒரே சந்தையில் இன்றைக்கும் நாளைக்கும் இடையில் விலை மாறுவதற்கு அது பொருந்தாது.

இனி இரண்டாம் பாதி. விளக்கத்துக்காக நானே போட்ட எண்கள் இவை, சந்தை விலை என்று எடுக்கவேண்டாம். மூன்று கமக்காரர் ஐந்து வாரம் வெங்காயம் விற்கிறார்கள் என்று வைப்போம். முதலாமவருக்குக் கிலோ 200, 210, 195, 205, 190 ரூபாய் கிடைக்கிறது. இரண்டாமவருக்கு 200, 320, 90, 260, 130. மூன்றாமவருக்கு 300, 260, 210, 150, 80. மூன்று பேருக்கும் சராசரி சரியாக 200 ரூபாய்தான். சராசரியை மட்டும் போட்டு அறிக்கை எழுதினால் மூவரும் ஒரே நிலையில் இருப்பதாகத் தெரியும். நியம விலகலை, அதாவது விலைகள் சராசரியில் இருந்து எவ்வளவு விலகிச் சிதறியிருக்கின்றன என்ற அளவை, கணித்தால் முதலாமவருக்கு ஏறத்தாழ 7, இரண்டாமவருக்கு 84, மூன்றாமவருக்கு 78 வரும். இப்போது முதலாமவர் தனியே பிரிந்துவிட்டார், ஆனால் இரண்டாமவரும் மூன்றாமவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். இந்த இடத்தில்தான் ஆட்கள் வழுக்குவது. நியம விலகல் பெரிதாக இருக்கிறது, ஆகவே விலை தளம்புகிறது என்று எழுதிவிடுவார்கள். எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். இரண்டாமவருக்கு நடந்தது தளம்பல். மூன்றாமவருக்கு நடந்தது வீழ்ச்சி. நியம விலகலுக்கு வரிசை தெரியாது. 80 முதல் வாரத்தில் வந்தாலும் கடைசி வாரத்தில் வந்தாலும் அது தரும் விடை ஒன்றுதான். ஆகவே எண்களைக் கணிப்பதற்கு முன்னர் ஒரு வரைபுத் தாளில் புள்ளி போட்டுக் கோடு இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது கணிப்பில் தெரியாமல் போகலாம்.

தீர்வும் வேறாகிறது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இரண்டாமவருக்கு வேண்டியது விலை விழும் வாரத்தைத் தாண்டும் வசதி: வெங்காயத்தைப் பிடியாகக் கட்டிக் காற்றோட்டமாகத் தூக்கிவைக்க இடம், அந்த வாரச் செலவுக்குக் கைமாற்று, இல்லாவிட்டால் முன்கூட்டியே பேசி முடித்த விலை. 90 ரூபாய் வாரத்தில் விற்காமல் இருந்தால் 260 ரூபாய் வாரம் வந்து சேரும். மூன்றாமவருக்குச் சேமிப்பறை கட்டிக் கொடுத்தால் அவர் 210 ரூபாய்க்கு விற்றிருக்கக்கூடியதை வைத்திருந்து 80 ரூபாய்க்கு விற்பார். அவருக்கு உதவி செய்ததாக நினைத்துக்கொண்டு நட்டத்தைக் கூட்டியிருப்போம்.

வணிகப் புள்ளிவிபரத்தில் காலத்தொடர் என்ற பாடத்தில் இதையே நான்காகப் பிரித்துப் படிப்பிப்போம்: நீண்டகாலப் போக்கு, பருவகால மாற்றம், சக்கர மாற்றம், ஒழுங்கற்ற மாற்றம். எங்கள் கிணறுகளை வைத்தே பருவகால மாற்றத்தை விளங்கப்படுத்தலாம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் குடிக்கவும் இறைக்கவும். பெரும் பகுதி மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிறது. மார்கழியில் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும் தண்ணீர், ஆவணி புரட்டாதியில் அடிக்குப் போய்விடும். ஏறுகிறது, இறங்குகிறது என்பது உண்மை. ஆனால் எந்த மாதம் ஏறும், எந்த மாதம் இறங்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதை ‘நீர்மட்டத் தளம்பல்’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பெரிய பிழை என்று சொல்ல மாட்டேன், நீரியல் அறிக்கைகளில் அந்த வழக்கு இருக்கிறது. இருந்தாலும் ‘பருவகால மாற்றம்’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு அது எதிர்பார்க்கக்கூடியது என்ற செய்தியும் சேர்ந்தே போய்ச் சேரும். கூடுதலாக இறைத்து இறைத்து ஒவ்வொரு ஆண்டின் அடிமட்டமும் முந்திய ஆண்டைவிடக் கீழே போனால், உவர் ஏறத் தொடங்கினால், அது போக்கு. அதைத் தளம்பல் என்று எழுதினால் அடுத்த மாரியில் சரிவந்துவிடும் என்ற பொய்யான ஆறுதலை வாசிப்பவருக்குக் கொடுக்கிறோம்.

வெங்காயத்தில் இந்த நான்கும் கலந்து கிடப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம். அறுவடைக் காலத்தில் எல்லோரும் ஒன்றாகக் கிண்டிச் சந்தைக்குக் கொண்டுவர விலை விழுவது பருவகாலம். போன போகம் நல்ல விலை போனது என்று இந்தப் போகம் எல்லோரும் நட்டு, அதனாலேயே விலை விழுந்து, அடுத்த போகம் பலர் நடாமல் விட்டு, அதனால் விலை ஏறுவதைப் பொருளியலில் சிலந்திவலைக் கோட்பாடு என்போம். இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, பெயரும் காரணமும் இருக்கின்றன, ஓரளவு எதிர்பார்க்கவும் முடியும். இவை போக மிச்சம் இருப்பதுதான் ஒழுங்கற்றது. தம்புள்ளையில் இருந்து வரும் லொறி ஒருநாள் பிந்தலாம், அறுவடை நேரத்தில் மழை அடித்து வெங்காயம் அழுகலாம், இறக்குமதி வரி ஒரே இரவில் மாறலாம். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. 2024 மே மாதத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. இந்தியப் பெரிய வெங்காயத்தை நம்பியிருந்த இலங்கையில் விலை பாய்ந்தது. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் எவராலும் அதை எதிர்பார்த்து நட்டிருக்க முடியாது. கண்டிப்பான கருத்தில் ‘ஒழுங்கற்ற மாற்றம்’ என்பது இப்படிப்பட்டதுதான். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதும் எதிர்பாராததுதான், ஆனால் அந்த அடியை நான் தளம்பல் என்று சொல்ல மாட்டேன். அது விளைச்சலையே கீழே இறக்கியது. அதை அதன் பெயரிலேயே எழுதவேண்டும்.

இலங்கை ரூபாவின் கதையிலும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். மத்திய வங்கியின் தமிழ் அறிக்கைகளிலும் பத்திரிகைகளிலும் ‘செலாவணி வீதத் தளம்பல்’ என்ற தொடர் சாதாரணமாக வரும். 2022 மார்ச் தொடக்கம்வரை டொலர் ஒன்றை ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த மார்ச் மாதம் பிடியை விட்டதும், மே மாதத்துக்குள் 360 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. அந்த இரண்டு மாதத்தை விபரிக்கும்போது பலரும் “ரூபாவின் தளம்பல்” என்றே எழுதினார்கள். அது தளம்பல் அல்ல. பெறுமதி ஒரே திசையில் விழுந்தது, பழைய மட்டத்துக்குத் திரும்பவும் இல்லை. 2023இலும் 2024இலும் 290க்கும் 370க்கும் இடையில் ஏறியும் இறங்கியும் நின்றதைத் தளம்பல் என்று சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து காசு வரும் வீடுகள் குடாநாட்டில் எத்தனையோ. அவர்களுக்கு “டொலர் தளம்புது” என்பதும் “ரூபா விழுந்திட்டுது” என்பதும் ஒரே செய்தி அல்ல. முதலாவதைக் கேட்டவர் மாற்றுவதற்கு ஒரு கிழமை பொறுத்துப் பார்ப்பார். இரண்டாவதைக் கேட்டவர் சாமான் வாங்க ஓடுவார்.

மின்சாரத்துக்கு வந்தால் இந்த வேறுபாடு பாதுகாப்போடும் சம்பந்தப்படுகிறது, ஆகவே கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட், 6 வீதம் கூடலாம் குறையலாம் என்பது விதி. அதாவது ஏறத்தாழ 216இல் இருந்து 244 வரை. அந்த எல்லைக்குள் ஆடுவதைத் தளம்பல் என்று முறைப்பாடு செய்து பயனில்லை. கம்பி நீண்டு போகும் கடைசி வீடுகளில் பின்னேரம் முழுவதும் மின்குமிழ் மங்கலாகவே எரிந்தால் அது தாழ்ந்த மின்னழுத்தம், தளம்பல் அல்ல. வெளிச்சம் கூடிக் குறைந்து கூடிக் குறைந்து வந்தால்தான் தளம்பல். அது உங்கள் வீட்டில் மட்டும் நடந்து பக்கத்து வீட்டில் நடக்காவிட்டால் எங்கோ ஒரு இணைப்பு இளகியிருக்கலாம். மூன்று கட்ட இணைப்புள்ள வீட்டில் சில குமிழ்கள் மங்க, வேறு சில அளவுக்கு மிஞ்சிப் பிரகாசித்தால் நடுநிலைக் (நியூட்ரல்) கம்பியில் கோளாறு இருக்கலாம். அப்போது பிரதான சுவிட்சை நிறுத்திவிட்டு மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். ஸ்ரெபிலைசர் வாங்கி அதைச் சரிக்கட்டப் பார்க்கவேண்டாம். இதற்கு மேல் சொல்வது மின்னியலாளரின் வேலை. முறைப்பாடு எழுதும்போது மட்டும் ‘தளம்பல்’ என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடாமல், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த அறையில் என்று எழுதுங்கள்.

வானிலை அறிக்கையில் வரும் ‘தளம்பல் நிலை’யையும் கேட்டிருந்தீர்கள். அது ஒரு தனி வழக்கு. “வங்காள விரிகுடாவில் தளம்பல் நிலை” என்று வானொலியில் சொன்னால், வெப்பநிலையோ மழையோ கூடிக் குறைகிறது என்று பொருள் அல்ல. கீழ் வளிமண்டலத்தில் காற்றோட்டம் குழம்பியிருக்கிறது, முகில் திரள்கிறது, மழை வரலாம் என்பதே செய்தி. அது வலுப்பெற்றால் தாழமுக்கமாகலாம், அதற்கு மேலும் வலுப்பெற்றால் சூறாவளியாகலாம், பெரும்பாலும் ஒன்றுமாகாமல் மழையோடு கலைந்தும் போகும். தமிழ்நாட்டு அறிக்கைகளில் இந்த இடத்தில் ‘காற்றுச் சுழற்சி’ என்று ஏதாவது ஒரு வடிவத்தில் வரும். ஆகவே அங்கிருந்து வந்த உங்கள் நண்பர் நம் வானொலியைக் கேட்டுக் குழம்புவது இயற்கை. இங்கே தளம்பல் என்பது குலைவு என்ற பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. உங்கள் வெங்காய அறிக்கையில் இரண்டு பொருளும் ஒரே பந்தியில் வந்தால், “தளம்பல் நிலையால் விலைத் தளம்பல்” என்று எழுதிவிடாதீர்கள். “மழையால்” என்று போட்டால் போதும்.

வேறு சில இடங்களில் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். இரத்த அழுத்தம், சீனி அளவு ஆகியவற்றுக்கு ‘தளம்பல்’ என்று எழுதலாமா என்று கேட்டால், எழுதினால் விளங்கும், ஆனால் நோயாளியிடம் பேசும்போது “பிரஷர் ஏறி இறங்குது” என்பதுதான் இயல்பு. பௌதிகத்தில் ஊசல் ஒழுங்காக ஆடுவதற்கு ‘அலைவு’ என்ற சொல் பாடநூலில் நிலைத்துவிட்டது. அங்கே தளம்பலைக் கொண்டுபோக வேண்டாம். ஆட்களின் மனத்துக்கு ‘தளம்பல்’ என்பது பழைய, நல்ல வழக்கு. வாசகர் தமிழ்நாட்டிலும் இருந்தால் முதல் முறை “விலைத் தளம்பல், அதாவது விலையின் ஏற்ற இறக்கம்” என்று ஒரு தரம் சேர்த்து எழுதிவிட்டுப் பிறகு தளம்பல் என்றே தொடரலாம். எங்கள் ஊர்ச் சொல் மற்றவர்களுக்கு விளங்காது என்று அதை விட்டுக்கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு தரம் விளக்கினால் யாருக்கும் விளங்கக்கூடிய சொல் இது.

அறிக்கையில் “விலைத் தளம்பல் காரணமாக விவசாயிகள் நட்டமடைந்தனர்” என்ற உங்கள் வசனத்தை இப்படி மாற்றிப் பார்க்கலாம்: “அறுவடை தொடங்கியதில் இருந்து முடியும்வரை விலை தொடர்ந்து வீழ்ந்தது. இந்த வீழ்ச்சிக்கு நடுவே வாரத்துக்கு வாரம் தளம்பலும் இருந்தது.” இரண்டையும் இப்படிப் பிரித்து எழுத உங்களிடம் தரவு வேண்டும். ஒரே சந்தையில், கிழமையின் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே தரத்து வெங்காயத்தின் விலையைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மருதனார்மடத்தில் காலை விலையை ஒரு கிழமையும் சுன்னாகத்தில் மத்தியான விலையை மறு கிழமையும் எடுத்தால், நீங்கள் பதிவது சந்தைகளுக்கு இடையிலான வித்தியாசம், தளம்பல் அல்ல. கமக்காரர் கைக்கு வந்த விலையையும் கடையில் வாங்கியவர் கொடுத்த விலையையும் தனித்தனி நிரலில் போடுங்கள். கடை விலை அசையாமல் நிற்க, தோட்டத்து விலை மட்டும் விழுந்த வாரங்கள் உங்கள் தாளில் இருந்தால், அந்த வாரங்களை வட்டம் போட்டுச் சங்கக் கூட்டத்தில் முதலில் காட்டுங்கள்.